ஏற்றுமதி ரகம்

வாலியா ப்ருனிலோர் கிராமத்தின் துணை மேயர் கொர்னேல் பதுலெஸ்கு எதை அறிவிப்பதற்கு முன்னும் மூன்று முறை தொண்டையைச் செருமுவார். கார் விஷயத்தில் பிப்ரவரி முழுக்கச் செருமிக்கொண்டே இருந்தார். அறிவிப்பு மட்டும் வந்தபாடில்லை.

பழைய கார் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் ப்ளம் பெட்டிகளையும் விறகையும் இரண்டு பையன்களையும் தேர்தல் சுவரொட்டிகளையும் மேடேற்றி இறக்கிய வண்டி, ஜனவரிப் பனியில் சர்ச் மேட்டிலிருந்து பின்னோக்கி உருண்டு பாதிரியார் வீட்டு வேலியில் போய் உட்கார்ந்தது. பாதிரியார் வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். இதற்கு இனி புனித நீர் தெளித்துப் பயனில்லை, பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லியனுப்புங்கள் என்றார்.

புதிது வாங்கியே ஆக வேண்டும். அதுவும் ஈஸ்டர் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்குள். அன்றைக்குத்தான் அதே ஊர் மரீனின் மகள் மிரபேலாவுக்குக் கல்யாணம். கொர்னேலும் அவர் மனைவி ஒலிம்பியாவும் அதற்கு ஞானப்பெற்றோர். மணமக்களைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு ஊர்வலத்தின் தலையில் போக வேண்டியது அவர்கள்தான். பின்னால் நாற்பது கார் ஹாரனை அமுக்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு வாசலிலும் சனம் நிற்கும். முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், அடுத்து ஞானத்தகப்பனைப் பார்ப்பார்கள், நேரம் மிச்சமிருந்தால் மணப்பெண்ணையும் பார்ப்பார்கள். இந்த வரிசை கொர்னேலுக்கு அத்துப்படி.

களத்தில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று டஸ்டர். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில், மியோவென் ஆலையில் செய்வது. வாலியா ப்ருனிலோரில் வீட்டுக்கு ஒருவராவது அந்த ஆலைக்குப் போய்வந்தார்கள். மற்றது கரோக், செக் நாட்டு வண்டி. இரண்டும் உயரமானவை. இரண்டிலும் ஐந்து பேர் கால் நீட்டி உட்காரலாம், பின்னால் ப்ளம் பெட்டி அடுக்கலாம், தோட்டத்து மண்பாதையில் அடி தட்டாமல் ஏறலாம். கரோக்குக்கு ஒரு கூடுதல் தகுதி இருந்தது: மேயர் வைத்திருந்தது அதுதான். கொர்னேல் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இழுவிசை என்றார், உட்புற அமைதி என்றார், ஐரோப்பியத் தரம் என்றார். ருமேனியாவும் ஐரோப்பாவில்தானே இருக்கிறது என்று தபால்காரர் கேட்டதற்கு, அது வேறு ஐரோப்பா என்றார்.

அவர் அபிப்பிராயம் கேட்காத ஆளில்லை. கால்நடை மருத்துவர் டயரைப் பார்த்து வாங்கச் சொன்னார், குளம்பைப் பார்த்து மாடு வாங்குவதுபோல. பாதிரியாருக்குக் கதவு அகலமாக இருந்தால் போதும். அங்கியோடு ஏறி இறங்க வேண்டுமே. திமிஷ்வாராவில் படிக்கும் மூத்த பையன் டஸ்டர் என்றான், இளையவன் கரோக் என்றான், கோடை விடுமுறையில் வண்டி தனக்குத்தான் என்பதில் மட்டும் இருவரும் ஒரே கருத்து.

ஒலிம்பியாவிடம் அவர் கேட்கவில்லை. பணம் இருவருடையதுமாக இருந்தது. வாய் அவருடையதாக இருந்தது.

ஒலிம்பியா ஆலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். அதில் பதினான்கு வருஷம் மழைக்கூடத்தில். முதல் ஷிப்டு என்றால் காலை நாலே முக்காலுக்கே சாலையோரச் சிலுவையடியில் பஸ் வந்து நிற்கும். பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டே பள்ளத்தாக்கைக் கடப்பார்கள். சக்கரம், கண்ணாடி, இருக்கை எல்லாம் பூட்டி முடித்த வண்டி ஒரு நீளக் கூண்டுக்குள் நுழையும். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அடியிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சும். ஒரு வருஷத்து மழையைச் சில நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு அது வெளியே வந்ததும், மேலே ஒட்டிய ஈரத்தைக் காற்றடித்து விரட்டுவார்கள். பிறகு ஒலிம்பியா உள்ளே ஏறுவாள்.

ஒரு கையில் விளக்கு, மறுகை வெறுங்கை. கையுறை போட்டால் ஈரம் தெரியாது. கதவைச் சுற்றிவரும் ரப்பரை மேல் மூலையிலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு வருவாள். அடுத்து கால்விரிப்பின் அடி. அடுத்து இருக்கைக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாமல் கைக்கு மட்டுமே எட்டும் பள்ளம். எங்கேயாவது ஒரு சொட்டு இருந்தால் கை நின்றுவிடும். கை நின்றால் வண்டி நிற்கும். இந்தக் கையோடு வீட்டுக்கு வந்து, கொடியில் காயும் துணியைத் தொட்டு, இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்பாள். ஆகும்.

மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து அந்தக் கூடத்தில் ஆறு பெண்கள். ஆண்களைப் போட்டும் பார்த்தார்கள். அவர்களுடைய கைக்குக் காது இல்லை என்று கேத்தா சொன்னாள். கேத்தா ஒலிம்பியாவுக்கு எதிர் வீட்டுக்காரி, அடுத்த ஷிப்டு. அவள் நாக்கு உப்புத்தாள். அவளுடைய வாத்துகள் அரசாங்கச் சாலையில் நடமாடுகின்றன என்று கொர்னேல் போன கோடையில் கிராம அலுவலக முத்திரை குத்தி ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார். கேத்தா அதை வாத்துக்கூண்டின் கதவில் ஒட்டிவைத்தாள், சம்பந்தப்பட்டவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று.

விவகாரம் தவக்காலத்தின் நாலாவது ஞாயிறு மத்தியானம் ஆரம்பித்தது. கல்யாணப் பேச்சுக்காக மரீனும் மிரபேலாவும் சாப்பிட வந்திருந்தார்கள். மசித்த வெள்ளை பீன்ஸ், அதன்மேல் சிவக்க வதக்கிய வெங்காயம், புளித்த முட்டைக்கோஸ், சோளக்களி. முட்டை, பால், கறி கிடையாது. ப்ளம் சாராயம் உண்டு. அது பழத்திலிருந்து வருவதால் விரதத்தில் சேர்த்தி என்று கொர்னேல் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதைப் பாதிரியாரும் இரண்டு கிளாஸுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டிருந்தார்.

எத்தனை மேசை, எந்தப் பாட்டுக்காரர்கள், ஊர்வலம் எந்த வழியாக என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, மரீன் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"வண்டி முடிவாயிருச்சா அண்ணே?"

கொர்னேல் மூன்று முறை செருமினார். கிளாஸைக் கீழே வைத்தார். பாலம் திறப்பு விழாவில் அவர் எப்படி நிற்பாரோ அப்படி உட்கார்ந்தார்.

"மரீனு, நான் ஒளிச்சு மறைச்சுப் பேசறவன் இல்ல. நம்ம வண்டிய நான் மதிக்கறேன். ஆனா ஒரு விஷயம் நாட்டுக்கே தெரியும். நல்லதெல்லாம் ஜெர்மன்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் போயிருது. ஏற்றுமதி ரகம்னு அது தனி. நமக்கு விடறது மிச்சம் மீதி. வெளிநாட்டுக்காரனுக்குன்னா பயந்து செய்வான். நமக்குன்னு வர்றப்போ நம்ம ஆளுங்க கை தானா தளந்துரும். அது ரத்தத்துல இருக்கு. அதனாலதான் செக் வண்டின்னு யோசிக்கறேன்."

இது கொர்னேலின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. முடிவெட்டும் கடையிலும் சாராயம் காய்ச்சும் கொட்டகையிலும் காலங்காலமாகச் சொல்லிவருவதுதான். முன்னொரு காலத்தில் நல்ல ஷூவும் நல்ல கறியும் எல்லை தாண்டிப் போன நாட்களில் ஒட்டிக்கொண்ட நம்பிக்கை. கம்யூனிஸ்ட் ஆட்சி போய் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இது மட்டும் போகவில்லை. ஆலையில் வேலை பார்க்கிறவர்களே சிலர் சொல்வார்கள், தங்கள் பிரிவை விட்டுவிட்டு மற்றப் பிரிவுகளைப் பற்றி.

மிரபேலா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆலையில் கதவு பூட்டும் வரிசையில் நிற்கிறவள். ஞானத்தகப்பனாகப் போகிறவரை எதிர்த்துப் பேச அவளுக்கு வாயில்லை. முட்டைக்கோஸ் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்த ஒலிம்பியா, நின்றுகொண்டிருந்தவள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கொர்னேலு, எனக்கு ஒன்னு சொல்லு. ஒன்னு பின்னால ஒன்னா வண்டி வருது. ஒன்னு ஹம்பர்க் போகும், ஒன்னு நம்ம க்ரயோவா போகும், ஒன்னு லியோன் போகும். எது எங்க போகுதுன்னு பார்க்க எனக்கு நேரமில்ல." இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். தண்ணீரில் ஊறி ஊறி உள்ளங்கை வெளுத்து ரேகையெல்லாம் ஆழமாக ஓடியிருந்தது. "இதுல எது ஜெர்மன்காரனுக்கு உள்ள கை, எது உனக்கு உள்ள கை? காட்டு."

கொர்னேல் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அட, உன்னயா சொன்னேன்? பொதுவாச் சொன்னேன்."

"பொதுவான்னு அங்க யாரும் வேலை பார்க்கல. நாங்கதான் பார்க்கறோம்."

மரீன் சோளக்களியை மிகவும் புகழ்ந்தார். பிறகு சீக்கிரமே கிளம்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒலிம்பியா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எது வேண்டுமானாலும் வாங்கு என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கொர்னேல் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிட்டார். எதிர்ப்பு வாக்கு பதிவாகாத தீர்மானம் எல்லாமே அவருக்கு ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்தான். செக் வண்டி வந்தால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஆலைச் சனம் மொத்தமும் வாசலில் நின்று பார்க்க, நாற்பது வண்டிக்கு முன்னால், தன் கையை நம்பாத புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டுமே, அதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. பதினான்கு வருஷத்தில் லட்சக்கணக்கான பேர் அந்தக் கையை நம்பி மழையில் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிற ஒருவர்தான் பாக்கி.

மேட்டில் பனி உருகி வழி முழுக்கச் சேறானது. கொர்னேல் ப்ளம் மரங்களுக்குக் கிளை வெட்டினார், அல்லது கிளை வெட்டுகிற ஆளுக்கு ஆலோசனை சொன்னார். மிரபேலா யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒருத்தியிடம் சொன்னாள். அந்த வாரமே மழைக்கூடத்துக்கு விஷயம் போய்விட்டது. ஷிப்டு மாறும் நேரத்தில் அங்கியை மாட்டிக்கொண்டே கேத்தா கேட்டாள்.

"என்னடி ஒலிம்பியா, உன் துணை மேயருக்கு நம்ம கை தளந்த கையாமே?"

"அவரு வாய் அப்படி. விடு."

"விடறேன். ஆனா அவரு வாத்துக்கு எழுதின கடுதாசில ரெண்டு பிழை இருந்துச்சு. நம்ம கையில ஒன்னு காட்டச் சொல்லு."

ஒலிம்பியா சிரிக்கவில்லை. வேறு யாராவது புருஷனைப் பற்றி இப்படிப் பேசியிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பாள். கேத்தாவிடம் விளக்கைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை இருவரும் பஸ் பிடித்து பிதெஷ்ட் நகரத்துக்குப் போனார்கள். சந்தையில் மறுநாள் குருத்தோலைக்குப் பதிலாகப் பிடிக்கும் வில்லோக் கிளைகளைக் கட்டுக்கட்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். கொர்னேல் கோட்டும் டையும் அணிந்து, கையில் ஒரு கோப்பு வைத்திருந்தார். கோப்பில் இரண்டு வண்டிகளின் விளம்பரத் தாள்களும், மேயர் தன் வண்டிக்கு எந்த நிறம் எடுத்தார் என்ற குறிப்பும் இருந்தன.

முதலில் செக் வண்டி. கடையில் காபி கொடுத்தார்கள். இறுக்கமான கால்சட்டை போட்ட இளைஞன் ஒருவன் கொர்னேலின் ஒவ்வொரு கேள்விக்கும் முன்பாக ‘அருமையான கேள்வி’ என்றான். கொர்னேலுக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. அருமையான கேள்விகள் பதினைந்தைத் தாண்டிப் போனபோது, ஒலிம்பியா பின்கதவைத் திறந்து, மேல் மூலையில் உள்ளங்கையை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மெல்ல இறக்கினாள். சுற்றிலும் தடவினாள். நாலு கதவும் முடித்து, பின்பக்கக் கதவையும் முடித்தாள். அம்மா தூசி துடைக்கிறார்கள் என்று நினைத்து இளைஞன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"நல்லாச் செஞ்சிருக்காங்க" என்றாள் ஒலிம்பியா. "மூலை மடிப்புல கூட ஒரு இழுப்பு இல்ல. அங்கயும் எவளோ ஒருத்தி கையுறை போடாமத்தான் பார்க்கறா."

கொர்னேலின் முகம் விரிந்தது. இளைஞனிடம் திரும்பி, "என் மனைவி இந்தத் துறையில நிபுணர்" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பட்டத்தை அவர் அவளுக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. தனக்குச் சாதகமாக ஒன்று சொன்னதும் அவள் நிபுணர் ஆகிவிட்டாள். இங்கேயே முடித்துவிடலாமே என்று பேனாவை எடுத்தார். இன்னொன்றையும் பார்த்துவிடு, ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்வதற்குத் தேர்வு என்று பெயரில்லை என்றாள் ஒலிம்பியா. கொர்னேல் பேனாவை உள்ளே வைத்தார். டெண்டர் விதி அவருக்கும் தெரியும்.

டஸ்டர் கடை சாலைக்கு அந்தப் பக்கம். அங்கே காபி இல்லை. விற்பனையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். விரதத்து உருளைக்கிழங்குப் பணியாரத்தைக் காகிதத்தில் சுற்றி மேசைக்குள் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். கொர்னேல் அவருடைய முழங்கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒப்பந்தக்காரர்களிடம் பேசுகிற குரலுக்கு இறங்கினார். இறங்கியும், அது கடை முழுக்கக் கேட்டது.

"இந்தா பாருங்க, நான் துணை மேயர். எனக்கு எல்லாம் தெரியும். ஏற்றுமதி ரகம் ஒன்னு ரெண்டு ஒதுக்கி வச்சிருப்பீங்க இல்ல? அதக் காட்டுங்க."

"எல்லாம் ஒன்னுதாங்கய்யா. ஒரே ஆலை, ஒரே வரிசை."

கொர்னேல் கண்ணடித்தார். "புரியுது. வெளிப்படையாச் சொல்ல முடியாது உங்களால. நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தவர்போல வண்டிகளுக்கு நடுவே நடந்தார். ஐந்தாவது நிமிஷத்தில் கண்டுபிடித்தார். கடைசி மூலையில், ஈரமண் நிறத்தில் ஒன்று, மற்றவற்றிலிருந்து சற்று ஒதுங்கி நின்றது. முன்கண்ணாடியில் ஜெர்மன் மொழியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வண்டிகளை ஏற்றிவந்த லாரிக் கம்பெனியின் சீட்டு அது. லாரிக்காரன் ஒட்டிவிட்டுக் கிழிக்க மறந்தது. விற்பனையாளர் அதைச் சொல்ல வாய் திறந்தார், கொர்னேலின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"இதான்" என்றார் கொர்னேல்.

அதன்பிறகு அரைமணி நேரம் அந்தக் கடையில் டஸ்டரைப் புகழ்ந்து பேசியது விற்பனையாளர் அல்ல. கொர்னேல் கதவைச் சாத்தித் திறந்து, திறந்து சாத்தி, சத்தத்தைக் கவனிக்கச் சொன்னார். பெயின்டில் தன் முகத்தைப் பார்த்தார். முகம் ஏற்றுமதித் தரத்தில் தெரிந்தது. ரப்பர் விளிம்பை விரலால் அமுக்கி, "இதப் பாரு ஒலிம்பியா, இப்படி ஒரு இறுக்கம் நம்ம ஊருக்கு விடற வண்டியில இருக்குமா? இதுக்கு முன்னால அந்தச் செக் வண்டி ஒன்னுமே இல்ல" என்றார். வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, நேராக முன்னால் பார்த்தார். மனக்கண்ணில் நாற்பது கார்கள் பின்னால் வந்துகொண்டிருந்தன.

ஒலிம்பியா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் செய்கிற வண்டி வீட்டுக்கு வந்துவிடும், ஊர்வலத்தின் தலையில் போகும், கேத்தாவும் வாயடைத்துப் போவாள். விற்பனையாளரும் அவளைப் பார்த்தார். சனிக்கிழமைக் கடைசி வியாபாரம், தயவு பண்ணுங்கள் என்பதுபோல. ஆனால் கொர்னேல் இனி பத்து வருஷம் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும், ‘பார், வெளிநாட்டுக்காரனுக்கென்று செய்தது எப்படி இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வருவார். பக்கத்து இருக்கையில் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

"கொர்னேலு, கீழ இறங்கு."

இறங்கினார். அவள் இடப்பக்கப் பின்கதவைத் திறந்து, கீழ் ஓரத்தில் ரப்பரின் மடிப்பை நகத்தால் விலக்கிக் காட்டினாள். உள்ளே கடுகளவு நீலப் புள்ளி ஒன்று இருந்தது.

"இது என்னது?"

"இது நாங்க வைக்கறது. விதிப்புத்தகத்துல இல்ல. ஆறு பேருக்கு ஆறு கலர். நாளைக்கு வண்டி திரும்பி வந்தா யார் கைன்னு நாங்களே பார்த்துக்கறதுக்கு. என்னோடது பச்சை." ரப்பரை மறுபடி படிய வைத்தாள். "இது ஜெர்மனிக்குன்னு செஞ்சதில்ல. அந்தச் சீட்டு லாரிக்காரன் ஒட்டினது. கொஞ்ச நேரமா நீ புகழ்ந்துட்டு இருக்கறது சாதாரண வண்டி. இது கேத்தாவோட கை."

கொர்னேல் விற்பனையாளரைப் பார்த்தார். விற்பனையாளர் தன் ஷூவைப் பார்த்தார்.

"எந்தக் கேத்தா?"

"வாத்துக் கேத்தா."

வெளியே ஒரு டிராக்டர் போயிற்று. ஒலிம்பியா அதே குரலில் சொன்னாள்:

"உனக்குச் செக் வண்டிதான் வேணும்னா அத வாங்கு. நல்ல வண்டி, நானே பார்த்தேன். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இத வாங்கினா, யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சு வாங்கு. தெரியாம வாங்கினா என்னால இதுல உக்கார முடியாது."

கொர்னேல் ஒருமுறை செருமினார். இரண்டாவதுமுறை செருமினார். அறிவிப்பு வரும் என்று விற்பனையாளர் நிமிர்ந்து நின்றார். வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் குனிந்து, அவள் செய்ததுபோலவே நகத்தால் மடிப்பை விலக்கி, அந்தப் புள்ளியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கதவை ஒருமுறை திறந்து சாத்தினார். சத்தம் முன்பு கேட்ட அதே சத்தம்தான். அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது.

"அவளும் உன்ன மாதிரியே பார்ப்பாளா?" என்று கேட்டார்.

"என்ன விடக் கொஞ்சம் நல்லாப் பார்ப்பா. அவகிட்ட சொல்லிறாத."

கொர்னேல் கோப்பிலிருந்து மேயரின் வண்டி நிறம் குறித்த தாளை எடுத்து, நாலாக மடித்து, பைக்குள் வைத்தார். காகிதங்களை எடுங்கள் என்றார் விற்பனையாளரிடம். பதிவு யார் பெயரில் என்று அவர் கேட்டார்.

"இவ பேர்ல" என்றார் கொர்னேல். "கேத்தா பேர்ல எழுதினா வாத்தெல்லாம் ஏறி உக்காந்துரும்."

கல்யாணத்தன்று விடியலிலிருந்தே மழை. மழை மணமக்களுக்கு நல்லது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நனைந்தார்கள். மரீன் வீட்டிலிருந்து ஊர்வலம் கிளம்பியபோது கடைசி இரண்டு மணிநேரம் கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. தலைவண்டியின் கண்ணாடிகளில் பூவேலை செய்த துண்டுகள் கட்டியிருந்தார்கள். ஒலிம்பியா ஓட்டினாள். பக்கத்தில் கொர்னேல், முழங்கால்களுக்கு நடுவே ரிப்பன் சுற்றிய இடுப்புயரக் கல்யாண மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி. பின்னால் மிரபேலாவும் மாப்பிள்ளை நிகுஷோரும் வெள்ளைத் துணிக் குவியலுக்குள் புதைந்திருந்தார்கள். அதற்குப் பின்னால் நாற்பது கார், நாற்பது ஹாரன்.

கேத்தா வீட்டு வாசலில் சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கல்யாண வண்டியை மறித்தால் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொர்னேல் அதற்கென்று காலடியில் ஆறு பாட்டில் ஒயின் தயாராக வைத்திருந்தார். கயிற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மழைக்கோட்டுப் போட்ட ஐந்து பெண்கள் நின்றார்கள், மழைக்கூடத்து ஐவர். அவர்களைச் சுற்றி, எச்சரிக்கையை மீறி, வாத்துகளும் நின்றன.

கொர்னேல் கண்ணாடியை இறக்கி, தேர்தல் நேரத்துப் புன்னகையோடு பாட்டிலை நீட்டினார். கேத்தா வாங்கவில்லை.

"பாட்டில் இருக்கட்டும் துணை மேயரே. கதவத் திறங்க."

"கேத்தா, பாதிரியார் காத்துட்டு இருக்காரு."

"இருக்கட்டும். தளந்த கை, கொஞ்சம் நேரமாகும்."

நாலு கதவும் திறந்தன. பெண்கள் மழைக்கோட்டுக்குள் கைவிட்டுப் பாவாடையில் உள்ளங்கையை அழுத்தித் துடைத்துக்கொண்டார்கள். வந்திருந்தது கல்யாண வண்டி என்பதே அவர்கள் முகத்தில் இல்லை. ஒருத்தி மிரபேலாவின் பாவாடை மடிப்புகளைத் தூக்கி அவள் மடியிலேயே குவித்துவிட்டு, கால்விரிப்பின் அடியில் கைவிட்டாள். இன்னொருத்தி மாப்பிள்ளையைச் சற்றே தள்ளி உட்காரச் சொன்னாள். மிரபேலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் தன் பக்கக் கதவின் மூலையை அவளும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். பின்னால் நாற்பது ஹாரனும் சேர்ந்து அலறின. ஒலிம்பியா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது.

கொர்னேலின் பக்கத்தைக் கேத்தாவே எடுத்துக்கொண்டாள். மேல் மூலையிலிருந்து ஆரம்பித்து விளிம்பெல்லாம் முடித்தாள். பிறகு, "காலத் தூக்குங்க" என்றாள்.

வாலியா ப்ருனிலோரின் துணை மேயர், கையில் மெழுகுவர்த்தியோடு, பளபளவென்று துடைத்த இரண்டு ஷூக்களையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேத்தாவின் கை பாட்டில்களை நகர்த்திவிட்டு விரிப்பின்மேல் போயிற்று. ஓரிடத்தில் நின்றது.

மற்றப் பெண்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒலிம்பியா தலையைத் திருப்பினாள்.

"ஈரமா?" என்றார் கொர்னேல். செருமல் இல்லாமல் வந்த குரல் அது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது ஊருக்குத் தெரியாது. "கேத்தா, அங்க ஈரமா இருக்கா?"

கேத்தா விரிப்பைப் புரட்டினாள். அதன் அடியைத் தடவினாள். கதவோரத்து மடிப்பு வரைக்கும் கையைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள். நிமிர்ந்தாள்.

"அது உங்க ஷூவுல வந்த ஈரம். அடி காஞ்சு கிடக்கு." பாட்டிலை இப்போது வாங்கிக்கொண்டாள். "போகலாம்."

கயிறு விழுந்தது. வாத்துகள் தங்கள் வசதிப்படி ஒதுங்கின. ஒலிம்பியா கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினாள்.

அடுத்த வீட்டு வாசலில் மடக்கிய குடையோடு நின்றவர்களைப் பார்த்ததும், யாரும் எதுவும் கேட்காமலேயே, கொர்னேல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "ஒரு சொட்டு இல்ல. கேத்தா கை" என்றார். அதற்கடுத்த வாசலிலும் சொன்னார். வளைவு தாண்டி வந்த வாசலிலும் சொன்னார். சர்ச் வரைக்கும் இன்னும் முப்பது வாசல் இருந்தது, பாதிரியார் வேறு காத்திருந்தார். ஒலிம்பியா இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. எல்லா வாசலுக்கும் கேட்கட்டும் என்று மெதுவாகவே ஓட்டினாள்.